கேஸ் தீர்ந்துபோவதில்லை: லாரி ஏசியின் கன்டென்சர் ஒழுகினால் என்ன செய்வது?

சென்ற சித்திரையில் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் மீன் பெட்டி ஏற்றக் காத்திருந்த லாரி ஒன்றின் ஓட்டுநர் என்னிடம், “அண்ணே, நாலு மாசத்துல மூணு தடவ கேஸ் ஏத்திட்டேன். இந்த வண்டி கேஸ ரொம்பக் குடிக்குது” என்றார். டேங்கில் டீசல் குறைவதைப் போல ஏசியிலும் கேஸ் செலவாகித் தீரும் என்று அவர் நம்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிக்கொண்டு கேஸ் நிரப்பிக் கொடுத்தவர்களும் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை. முன்கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகமான கன்டென்சரின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பிக் கறுத்திருந்தது. மூன்று முறை நிரப்பிய கேஸும் அந்த இடத்தின் வழியாகத்தான் வெளியேறியிருந்தது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. இனி ஏசியைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு லாரி முனையத்திலும் எழும். ஆனால் அந்தப் பேச்சில் கன்டென்சர், கூலிங் காயில், கேஸ், லீக் ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்கப்படுவதால், ஓட்டை ஓரிடத்தில் இருக்க, செலவு வேறிடத்தில் நடக்கிறது. அந்தக் குழப்பத்தைக் களைவதற்கே இதை எழுதுகிறேன். ஏசிக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றும் குளிர்பதனப் பொருளைப் பட்டறையில் கேஸ் என்கிறார்கள்; நானும் கேஸ் என்றே குறிப்பிடுகிறேன்.

ஸ்பிரிட் பஞ்சும் இட்லிப் பானையின் மூடியும்

ஊசி போடுவதற்கு முன் செவிலியர் கையில் ஸ்பிரிட் தடவும்போது அந்த இடம் சில்லென்று ஆகிறது. ஸ்பிரிட் குளிர்ந்த பொருள் அன்று. அறையின் வெப்பநிலையில்தான் புட்டியில் இருந்தது. ஆனால் திரவம் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் தேவைப்படுகிறது, அந்த வெப்பத்தை அது நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் போதும். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் நிற்கும். ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த மூடியில் பட்டுத் திரவமாகியிருக்கிறது. அப்படி மாறும்போது, ஆவியாவதற்காகத் தான் வாங்கியிருந்த வெப்பம் முழுவதையும் மூடியிடம் கொடுத்துவிட்டது. கொதிநீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் மோசமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, ஆவியாகும் பொருள் வெப்பத்தை வாங்கும். திரவமாகும் பொருள் வெப்பத்தைக் கொடுக்கும். ஏசியில் முதல் வேலை நடக்கும் இடம் கூலிங் காயில், இரண்டாவது வேலை நடக்கும் இடம் கன்டென்சர். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கிறது. கன்டென்சர் பெரும்பாலான லாரிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை எதிர்கொண்டு நிற்கிறது.

ஏற்றம் இறைப்பதைப் போல

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது, 25 டிகிரியில் இருக்கும் கேபினின் வெப்பத்தை வெளியே தள்ளுவது எப்படி? வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும், தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல. பள்ளத்து நீரை மேட்டு வயலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஏற்றமோ மோட்டாரோ வேண்டும். ஏசியில் அந்த வேலையைச் செய்வது கம்ப்ரஸர், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுழன்று கேஸை அழுத்தும் பம்பு.

இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் அது கழித்தல் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் அது கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதைப் போல. கூலிங் காயிலில் அழுத்தம் 30 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அளவில் இருப்பதால் கேஸ் ஏறத்தாழ 0 டிகிரியில் ஆவியாகி, கேபின் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை 200 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தும்போது, அது 55 முதல் 60 டிகிரியில் திரவமாகும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சூட்டுக்கு முன்னால் 40 டிகிரி வெயில் காற்றும் குளிர்ந்த காற்றுதான். ஆகவே வெப்பம் கன்டென்சரிலிருந்து வெளிக்காற்றுக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது.

திரவமான கேஸ் டிரையர் பாட்டிலுக்குள் போகிறது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய சிறு உருளை அது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் குறுகலான துளையின் வழியே பீறிட்டு, அழுத்தம் இறங்கி, மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது. சுற்று முடிந்தது, அதே கேஸ் மறுபடியும் கிளம்புகிறது.

இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் கேஸ் எரிவதில்லை, செலவாவதுமில்லை. வீட்டு சிலிண்டரில் இருப்பது எரிபொருள், அது தீரும். ஏசியில் இருப்பது வெப்பத்தைச் சுமந்துபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் சுமைதூக்கி. அது குறைந்திருக்கிறது என்றால் வெளியேறியிருக்கிறது என்றே பொருள். ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் மிகச் சிறிதளவு கசிவது இயல்புதான் என்றாலும், அதன் விளைவு தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். நான்கு மாதத்தில் மூன்று முறை குறைந்தால் அது ஓட்டைதான்.

கேஜ் முள் சொல்லாத செய்தி

பட்டறையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, “பிரஷர் இருக்கு, கேஸ் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவதுண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது எடுத்த அளவாக இருந்தால் இந்தக் கூற்றுக்கு மதிப்பில்லை. சமையல் சிலிண்டரில் பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. கடைசித் துளி திரவம் ஆவியாகும்வரை உள்ளே அழுத்தம் மாறுவதில்லை. ஏசியிலும் அப்படியே. 30 டிகிரி வெப்பமுள்ள காலை நேரத்தில் நின்றிருக்கும் வண்டியில் கேஜ் 97 பிஎஸ்ஐ அளவில் காட்டும். உள்ளே 700 கிராம் கேஸ் இருந்தாலும் 400 கிராம்தான் எஞ்சியிருந்தாலும், திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். கேஸின் அளவை நிச்சயமாகச் சொல்வது தராசு மட்டுமே.

வேறு இரண்டு தவறான முடிவுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேபினுக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது ஒழுகல் அன்று; கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து வடிகிறது, நம் கடற்கரைக் காற்றில் அது தாராளமாகவே வடியும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர் குறையும் வண்டிக்குப் பெரும்பாலும் கன்டென்சரின் மேல் காற்றோட்டம்தான் போதவில்லை. விசிறி சுழலாமலோ, குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகட்டுத் துடுப்புகளில் புழுதி அடைத்தோ இருக்கலாம். அந்த வண்டியில் மேலும் கேஸை ஏற்றினால் நிலைமை மோசமாகுமே தவிரச் சரியாகாது.

கடலோரத்தில் ஓட்டை விழும் விதம்

வண்டியின் முகத்திலேயே இருப்பதால் கல்லடி, பூச்சி, சேறு எல்லாம் கன்டென்சரின் மேல்தான் முதலில் விழுகின்றன. சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் அதிர்வு நேராகக் குழாய்க் கழுத்தில் இறங்கி, அங்கே வெடிப்பு விழும். இவை எந்த ஊரிலும் நடப்பவை.

நம் பக்கத்துக்கே உரிய பகை உப்பு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று கவசம்போல் படிந்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவுக்கு உடைத்துவிட்டு, உடைந்த இடத்திலேயே குடைந்துகொண்டு உள்ளே போகும். வெளியே பார்த்தால் வெண்மையான பொடி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். உள்ளே துளை விழுந்திருக்கும். மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வருபவை, முதுநகரில் மீன் ஏற்றுபவை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நாளெல்லாம் ஓடுபவை ஆகிய வண்டிகளில் இந்த அரிப்பு விரைவாக வருகிறது. முன்னால் போகும் மீன் லாரியிலிருந்து சாலையில் வடியும் உப்புநீரும் தெறித்து இங்கேதான் வந்து படிகிறது. கன்டென்சரின் கீழ்வரிசையில் சேறு அப்பி ஈரம் காயாமல் இருக்கும் இடமே முதலில் ஓட்டையாகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

கேஸுடன் சேர்ந்து கம்ப்ரஸருக்கான எண்ணெயும் சுற்றில் பயணம் செய்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டாலே பாதித் தொல்லை தீரும். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், எண்ணெய் இருக்கும் இடத்தில் புழுதி ஒட்டும். அதனால் கருவி எதுவும் இல்லாதவர்கூட டார்ச்சுடன் குனிந்து, கன்டென்சரின் முகப்பையும் குழாய் இணைப்புகளையும் பார்த்து, பிசுக்குப் படிந்த இடத்தைக் குறித்துக்கொள்ள முடியும். கேஸ் குறைவாக இருக்கும்போது ஏசியை ஓட்டக்கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்: எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரக் கேஸ் போதாமல் கம்ப்ரஸர் வறண்டு பிடித்துக்கொள்ளும். கன்டென்சரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அப்போது பன்மடங்காகும்.

பிசுக்குக் கண்ட இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் பெரிய ஓட்டைகள் குமிழி விடும். சிறியவற்றுக்கு, எண்ணெயில் கலந்து புறஊதா விளக்கில் ஒளிரும் சாயமோ, கேஸை முகர்ந்து ஒலி எழுப்பும் மின்னணுக் கருவியோ வேண்டும். இந்தச் சோதனையை எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று அசையாத காலைப் பொழுதில் செய்வது நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் கசியும் கேஸ் கலைந்துபோய்க் கருவி எதையும் சொல்லாது. கேஸ் காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதால், முகரும் கருவியை இணைப்பின் அடிப்பக்கத்தில் பிடிக்க வேண்டும்.

“வாக்யூம் போட்டுப் பாத்தேன், நிக்குது, லீக் இல்ல” என்ற தீர்ப்பும் அடிக்கடி காதில் விழுகிறது. வாக்யூம் என்பது சுற்றுக்குள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து வெளியே இழுத்துவிடுவது. அப்போது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அழுத்த வேறுபாடு 15 பிஎஸ்ஐகூட இல்லை. ஓடும்போதோ கன்டென்சர் 200 பிஎஸ்ஐக்கு மேல் தாங்க வேண்டும், அது லாரி டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நம்பத்தகுந்த சோதனை, உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக அளவோடு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துவிடக்கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும்.

ஒட்டுவதா, மாற்றுவதா?

முன்பு செம்புக் குழாய் வளைத்துச் செய்த கன்டென்சர்களில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து மீண்டும் மாட்டினார்கள், அது நன்றாகவே உழைத்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் பலர் “ஒட்டிடலாம்” என்கிறார்கள். இப்போதைய கன்டென்சரின் அமைப்பு வேறு. தட்டையான அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கால்வாய்கள், சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முழுவதையும் உலையில் வைத்து ஒரே நேரத்தில் இணைத்திருப்பார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அதன் மேலுள்ள ஆக்சைடு 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டினால் மேல்தோல் இளகுவதற்குள் அடியிலுள்ள உலோகம் வழிந்துவிடுகிறது, பக்கத்து இணைப்புகளும் விட்டுப்போகின்றன. பிசைந்து ஒட்டும் எபாக்சியோ, எண்ணெய் ஊறிய பரப்பில், அவ்வளவு அழுத்தத்திலும் அதிர்விலும், நாள்தோறும் சூடேறி ஆறும் இடத்தில் நீடித்து நிற்காது.

ஆகவே குழாய் வரிசையில் ஓட்டை என்றால் கன்டென்சரை மாற்றுவதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. விதிவிலக்கு இரண்டு உண்டு. கசிவு இணைப்பில் இருந்தால், அங்குள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றினாலே போதும். மிகச் சிறிய செலவு. தடித்த குழாய்க் கழுத்தில் வெடிப்பு என்றால், கழற்றிச் சுத்தம் செய்தபின் ஆர்கான் வெல்டிங்கில் தேர்ந்தவர் அதைச் சரிசெய்ய இயலும். கேஸ் உள்ளே இருக்கும்போது சுடரைக் கொண்டுபோகவே கூடாது. ஆர்-134ஏ தீயில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு வாயு உண்டாகும்.

சுற்றுக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவங்களும் விற்கின்றன. அவற்றுள் பல ஈரம் பட்டால் இறுகும் தன்மையுடையவை; எக்ஸ்பான்ஷன் வால்விலேயே இறுகிவிடும் வாய்ப்பு இருக்கிறது, கேஸை உறிஞ்சும் பட்டறை இயந்திரத்தையும் கெடுக்கும். நான் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன்.

சொந்தக் கையால் செய்யக்கூடியது எது?

எல்லைக்கோடு எளிது. சுற்று மூடியிருக்கும்வரை வெளியே செய்யும் வேலை எதையும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யலாம். கேஸை வெளியே எடுப்பதும், வாக்யூம் போட்டு மீண்டும் நிரப்புவதும் இயந்திரம் வைத்திருப்பவரின் வேலை.

முதலில் பட்டறையில் கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்திப் புஸ்ஸென்று திறந்துவிடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. “134 ஓசோனுக்கு ஒன்றும் செய்யாது” என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12 போன்றவற்றை ஒழிக்க 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, ஆர்-134ஏ அந்த இடத்துக்கு வந்த மாற்று என்பதெல்லாம் உண்மை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் வலியது. 700 கிராமைத் திறந்துவிடுவது ஒரு டன் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். 370 லிட்டர் டீசல் எரிந்தால் அவ்வளவு வரும். அதனால்தான் இவ்வகைக் கேஸ்களைக் குறைக்க 2016-இல் அதே உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் வந்தது, இந்தியாவும் 2021-இல் அதை ஏற்றது. திறந்துவிடுபவருக்கும் ஆபத்து உண்டு. திரவம் தெறித்தால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். பட்டறைப் பள்ளத்துக்குள் நிற்பவரைச் சுற்றிக் கனமான கேஸ் தேங்கினால் மூச்சுக்குக் காற்று இருக்காது. கேஸ் எடுத்த வண்டியில் வேலை செய்யும்போதும் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும்.

கேஸ் போனபின் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, முன்கிரில்லைக் கழற்றி, கன்டென்சரின் இரு குழாய்களையும் விடுவிக்கலாம். உப்பேறி இறுகிய நட்டை ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினியக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒன்றால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருப்ப வேண்டும். குழாய் வாய்களை உடனே மூடியிட்டு அடைப்பது இந்த வேலையின் உயிர்நாடி. புதுச்சேரிக் காற்றில் இருக்கும் ஈரத்தை ஏசி எண்ணெய் பஞ்சுபோல் உறிஞ்சும். அந்த ஈரம் சுற்றுக்குள் வால்வில் ஐஸாகி அடைக்கும், கேஸுடன் சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும். இதே காரணத்துக்காகச் சுற்றைத் திறந்தால் டிரையர் பாட்டிலையும் மாற்றிவிட வேண்டும். அதன் ஈர மணிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

புதிய கன்டென்சரைப் பழையதன் பக்கத்தில் வைத்து, கழுத்துகளும் பிடிப்பான்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபிறகே மாட்ட வேண்டும். பழையதோடு வெளியேறிய எண்ணெய்க்கு ஈடாக, கம்ப்ரஸருக்குக் குறிப்பிட்ட அதே வகை எண்ணெயை, வண்டியின் கையேடு சொல்லும் அளவில் ஊற்ற வேண்டும். பெரும்பாலும் அது 30 மில்லிலிட்டரை ஒட்டிய சிறு அளவுதான். புதிய ஓ-ரிங்குகளில் அதே எண்ணெயைத் தொட்டுத் தடவிப் பொருத்தி, ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போட்டு இறுக்கினால் நம் பங்கு முடிந்தது. கம்ப்ரஸர் உடைந்து இரும்புத் துகள் பரவிய வண்டியாக இருந்தால் மட்டும், ஓட்டை இல்லாவிட்டாலும் பழைய கன்டென்சரைத் திரும்ப மாட்டக்கூடாது. அந்த நுண்ணிய கால்வாய்களில் சிக்கிய துகளைக் கழுவி எடுக்க முடியாது. புதிய கம்ப்ரஸரையும் அது தின்றுவிடும்.

வாக்யூமும் தராசும்

ஊட்டியில் பருப்பு வேக நேரமாகிறது என்பார்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. வாக்யூம் பம்பு இதையே எல்லைவரை கொண்டுபோகிறது: அழுத்தம் இயல்பில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிப் பம்பின் வழியே வெளியேறும். அதற்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்தால் காற்று போயிருக்கும், ஈரம் போயிருக்காது. அரை மணி நேரமாவது ஓடட்டும் என்று பட்டறையில் கூடவே நிற்பதில் தவறில்லை.

நிரப்ப வேண்டிய எடை, முன்மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைதான் போக வேண்டும். கூடுதலாக ஏற்றினால் குளிர் கூடும் என்பது பிழை. மிகுதியான திரவம் கன்டென்சருக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொள்ள, ஆவி திரவமாவதற்குப் பரப்பு குறைந்து அழுத்தம் எகிறும். எஞ்சின் ஓடும்போது கேஜின் உயர் அழுத்த வால்வைத் திறப்பது அதைவிடப் பெரிய பிழை. அந்த அழுத்தம் திரும்பிச் சிலிண்டருக்குள் பாய்ந்து அதை வெடிக்கச் செய்யும். மலிவாகக் கிடைக்கும் முத்திரையில்லாத சிலிண்டரையும் ஏற்க வேண்டாம். 2011-இல் மெதில் குளோரைடு கலந்த போலி ஆர்-134ஏ நிரப்பப்பட்ட கப்பல் கன்டெய்னர்களின் குளிர்பதன இயந்திரங்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அந்தக் கலப்படம் அலுமினியத்துடன் வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது.

நிரப்பி முடித்ததும் ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டு வண்டியை அனுப்ப வேண்டும். முதுநகர் ஓட்டுநரின் லாரியிலும் அப்படித்தான் செய்தோம். பத்து நடை ஓடிய பிறகு டார்ச்சுடன் மீண்டும் குனிந்து பார்த்தபோது, துடைத்த இடங்களில் காய்ந்த புழுதி மட்டுமே இருந்தது, பிசுக்கு இல்லை. துறைமுகத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, வேகமில்லாத நல்ல தண்ணீரால் கன்டென்சரை அலசும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டி கழுவுமிடத்து அழுத்தக் குழாயைக் காட்டினால் துடுப்புகள் மடங்கிக் காற்று புகாது. ஆசிட் கலந்த கழுவுநீர் உப்பைவிட வேகமாக அலுமினியத்தைத் தின்னும்.